பதினொன்றரைச் சுற்று

சர்மா நகர் ஏழாவது தெரு வால்வுக்குப்
பதினொன்றரைச் சுற்று.
கண்ணை மூடிக்கொண்டே திறப்பேன்.
இருபத்திரண்டு வருஷம், விடியற்காலை நாலரைக்கு
இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்து நடந்தேன்.
அந்தப் பக்கத்துத் தாகம் முழுக்க
என் மணிக்கட்டில் இருந்தது.

ஒரு நாள் ஏழோடு நின்றுவிட்டேன்.
ஏழா, எட்டு முடிந்து ஒன்பதா?
தெருவின் பெயரே வாயில் வரவில்லை.
குடத்தோடு நின்றவள் கேட்டாள்:
"இன்னாண்ணே, குடிச்சிருக்கியா?"
குடித்துக்கொண்டுதான் இருந்தேன்,
என்னையே.
வெளியே போகவேண்டியதெல்லாம்
ரத்தத்துக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது.

யூரியா நூற்று எண்பத்தாறு.
கிரியாட்டினின் பதின்மூன்று.
டாக்டர் எண்களைச் சுற்றி வட்டம் போட்டார்.
கரண்ட் பில் மாதிரி
நான் கடைசித் தேதியைத் தேடினேன்.

நாக்கின் மேல் எப்போதும் ஓர் எட்டணாக் காசு.
காப்பி, ரசம், குமுதா வைக்கிற மீன்குழம்பு,
எல்லாமே அந்தக் காசைக் கழுவிய தண்ணீர்.
ராத்திரியானால் அரிப்பு.
தோலில் இல்லை,
நகம் எட்டாத ஏதோ ஓர் உள்பக்கத்தில்.
பேன்சீப்பால் முதுகை வாரிவிடுவாள் குமுதா.
அவள் தூங்கிப்போன பிறகும்
கை மட்டும் போய்வந்துகொண்டிருக்கும்.
என் மூச்சில் மூத்திர நெடி. எனக்கே தெரிந்தது.
"கூவம் காத்து" என்றாள்.
கூவம் எங்களுக்கு நாலு கிலோமீட்டர் தெற்கே.
அது மார்கழி.
அடித்ததோ வாடை.

செவ்வாய், வியாழன், சனி.
ராயபுரத்தில் மூன்றாவது ஷிஃப்ட்.
தைத்துச் சேர்த்த கைநரம்பு
சம்ப் மோட்டார் போல உறுமும்.
மாடிவீட்டு யாழினி காதை வைத்துக் கேட்டுவிட்டு
"தண்ணி ஏறுது மாமா" என்றாள்.

எனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்,
மாத்திரை விழுங்குவதும் அதற்குள்தான்.
என்னை அலச மெஷின் எடுத்துக்கொள்வதோ
நாலு மணி நேரத்தில் நூற்றிருபது லிட்டர்.
எட்டுக் குடம்.
எட்டுக் குடத்துக்கு ஏழாவது தெருவில்
மயிரைப் பிடித்து உருண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்துக் கட்டில் ஹயாத் பாய்.
பர்மா பஜாரில் ரிமோட் விற்றவர்.
ரத்தம் போய்வரும் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு
காற்றில் சாத்துக்குடி உரிப்பார்.
எனக்கும் இரண்டு சுளை நீட்டுவார்.
"கொட்டையைத் துப்பிடுங்க, கீழே போடாதீங்க,
பெனிட்டா திட்டும்."

மகள் நிக்காவுக்காக ஒரு வியாழன் வரவில்லை.
சனிக்கிழமையும் வரவில்லை.
ஃபில்டர்களைக் கழுவி அடுக்கும் அலமாரியில்
அவருடையது மட்டும் காத்திருந்தது,
நீல மார்க்கரில் பெயர்,
எத்தனை முறை ஓடியது என்பதற்கு ஐந்து கோடு.
செவ்வாயன்று பெனிட்டா அதை எடுத்தாள்.
தண்ணீர் வடிகிறதா என்று பார்ப்பதுபோல்
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.
பிறகு சிவப்புப் பை.
என் பக்கம் வந்து ஊசியைப் பிரித்தபடி
"எவ்ளோ ஏறியிருக்கீங்க?" என்றாள்.
இரண்டரைக் கிலோ, என்றேன்.
தலையணைக்குப் பக்கத்தில் ஏதோ உரிகிற மணம்.
நான் கண்ணை மூடவில்லை.

வீடு வந்து சேர மணி ஒன்று.
மூளையைத் துடைத்து வைத்தது போலிருந்தது.
படியேறும்போது தானாக வந்தது:
பதினொன்றரை.
கடைசி அரைச் சுற்று இறுகும்,
அழுத்தக்கூடாது, கொஞ்சம் பின்வாங்கித் திருப்பணும்.
புதுப் பையன் ஜெபசீலனை ஃபோனில் எழுப்பிச் சொன்னேன்.
கொட்டாவியோடு கேட்டான்.
"அந்த வால்வை மாத்திட்டாங்கண்ணே.
இப்போ ஆறு சுத்துதான்."

குமுதா இருட்டில் சீப்பைத் தடவினாள்.
வேண்டாம், இன்னிக்கு இல்லை, என்றேன்.
என் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்,
மூச்சு மூச்சில் இடிக்கிற தூரத்தில்.
வியாழன் சாயங்காலம் வரை
நேரம் இருக்கிறது.